திருநங்கையும் தன்பால் காதலும் தமிழ்ப் படங்களில்: கடைக் கல்லாவில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரில் முதலில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டேன். அப்புறம் விசிடி, டிவிடி. கேசட் எல்லாம் அசலா நகலா என்று இப்போது கேட்காதீர்கள். இன்று அதே கடையில் கைப்பேசி பழுது பார்க்கிறேன், ரீலோட் போடுகிறேன். ஆனாலும் எல்ஃபில் தோட்டத்துப் பக்கமிருந்தும் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வருகிற பழைய வாடிக்கையாளர்களுக்கு நான் இன்னும் படக்கடைக்காரன்தான். சில வருடங்களாக ஒரே விதமான சந்தேகங்கள் வருகின்றன. சிலர் எல்லோர் முன்னாலும் கேட்கிறார்கள், சிலர் கடையில் ஆள் குறையட்டும் என்று காத்திருந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"அண்ணே, இந்த மாதிரிக் கதையெல்லாம் இப்பதானே வருது? நம்ம காலத்துல ஏது?"

ஆட்கள் நம் காலத்திலும் வந்தார்கள். கதைதான் இல்லை. கையை நளினமாக ஆட்டிக்கொண்டு ஒருவர் காமெடி டிராக்கில் வருவார், கதாநாயகனை உரசுவார், ஓர் அறை வாங்குவார், அத்தோடு சரி. அந்தப் பாத்திரத்துக்குப் பெயர்கூட இருக்காது. இல்லாவிட்டால் நேர் எதிராக, பயங்கர வில்லன். 2000இல் வந்த 'அப்பு'வில் பிரகாஷ்ராஜ் சேலை கட்டிக்கொண்டு விபச்சார விடுதி நடத்துகிறவராக வந்து மிரட்டினார். 2006இல் 'வேட்டையாடு விளையாடு'. அதில் இரண்டு கொலைகாரர்களுக்கும் இடையில் 'அப்படி' ஏதோ இருக்கிறது என்று படமே கோடி காட்டும். அவர்கள் கொடூரத்துக்கு அதுவும் ஒரு காரணம் போல.

நடுவில் ஒன்றிரண்டு நல்ல துண்டுகளும் உண்டு. 1995இல் 'பம்பாய்' படத்தில் கலவரத்தின் நடுவே பிள்ளை ஒன்று தனியாகத் தவிக்கும்போது அடைக்கலம் கொடுப்பது ஒரு திருநங்கை. சின்னக் காட்சிதான், கேலி ஒரு சொட்டும் கிடையாது. அப்புறம், 'அவ்வை சண்முகி'யை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பிள்ளையைப் பார்ப்பதற்காக ஓர் ஆண் போட்ட வேஷம், விஷயமே வேறு.

"நல்ல படமா, கேலிப் படமா? பார்க்கிறதுக்கு முன்னாடி எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

முன்னாடி தெரியாது, பார்த்துத்தான் ஆகவேண்டும். பார்க்கும்போது நான் இரண்டை மட்டும் கவனிப்பேன். ஒன்று, தியேட்டர் சிரிக்கிற நேரத்தில் அந்தப் பாத்திரமும் சேர்ந்து சிரிக்கிறதா, இல்லை அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோமா. இரண்டு, படம் முடியும்போது அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா. இரண்டாவதில் நிறையப் படம் அடிபட்டுப் போகும்.

2011இல் வந்த 'காஞ்சனா'வை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பார்க்காத வீடு இல்லை. முதல் பாதியில் ராகவா லாரன்ஸ் உடம்பில் பேய் புகுந்து, வளையல், மஞ்சள் என்று வரும்போதெல்லாம் வீடு அதிரும். பிற்பாதியில் சரத்குமார் காஞ்சனாவாக வருகிறார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர், இன்னொரு திருநங்கைப் பெண்ணை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறார். அரை மணி நேரம் முன்பு சிரித்த அதே ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் காஞ்சனா செத்துப் பேயானால்தான் அந்தக் கண்ணீர் கிடைக்கிறது, அதையும் பாருங்கள். ஒரே படத்தில் இரண்டு காலமும் இருக்கிறது என்பதால் எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபமும் உண்டு, பிரியமும் உண்டு.

"அரசியல் மாறிச்சு, அதனால படமும் மாறிச்சுங்கிறாங்களே. எந்த அரசியல்?"

இதில் இரண்டு தேதிக் கணக்கு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதல் கணக்கு திருநங்கையருடையது, அது தமிழ்நாட்டில் தொடங்குகிறது. 2008 ஏப்ரலில் கலைஞர் ஆட்சி அவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல் வாரியம். அதே ஆண்டு விஜய் டிவியில் ரோஸ் என்ற திருநங்கை 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். 2011இல் 'நர்த்தகி' படத்தில் கல்கி சுப்ரமணியம் கதாநாயகியாகவே நடித்தார். 2014 ஏப்ரல் 15ஆம் தேதி மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி ஏற்க வேண்டும் என்று டில்லி உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டே ஷங்கரின் 'ஐ' வந்தது. அதில் ஒரு திருநங்கைப் பாத்திரத்தைக் கேவலப்படுத்தியதை எதிர்த்துச் சென்னையில் திருநங்கையர் போராடினார்கள். அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பு இதே மாதிரிக் காட்சிகளைக் கேட்க ஆள் இல்லை.

இரண்டாவது கணக்கு தன்பால் ஈர்ப்புடையவர்களுடையது. அது ஏறி இறங்கி ஏறியது. 2009இல் டில்லி உயர் நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியது, 2013இல் உச்ச நீதிமன்றம் பழையபடி ஆக்கியது, 2018 செப்டம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, வயது வந்தவர்கள் சம்மதித்து வாழ்வது குற்றமில்லை என்றார்கள். இந்தக் கணக்கு பிந்தியதால் அந்தப் படங்களும் பிந்தித்தான் வந்தன.

"அப்ப 'சூப்பர் டீலக்ஸ்', 'பேரன்பு' ரெண்டும் அந்தத் தீர்ப்பாலதான் வந்துச்சா?"

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள், இரண்டுமே 2019 தொடக்கத்தில் வந்ததால். ஆனால் ராமின் 'பேரன்பு' 2018 ஜனவரியிலேயே ராட்டர்டாம் திரைப்பட விழாவில் ஓடிவிட்டது. தீர்ப்புக்கு ஏழு மாதத்துக்கும் மேல் முந்தி. இரண்டும் நான் மேலே சொன்ன முதல் கணக்கில் வருகிற படங்கள், 377க்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

என் எண்ணம் என்னவென்றால், சட்டம் படத்தை எடுக்க வைப்பதில்லை. எடுத்து முடித்த படத்தைப் பார்க்க வருகிறவன் கூச்சத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. தயாரிப்பாளருக்கு அது போதும்.

"'சூப்பர் டீலக்ஸ்'ல விஜய் சேதுபதி எதுக்கு? நெசத் திருநங்கை கிடைக்கலியா?"

கிடைப்பார்கள். 'தர்மதுரை'யில் ஜீவா, 'அருவி'யில் அஞ்சலி வரதன், 'பேரன்பு'வில் அஞ்சலி அமீர், எல்லோரும் திருநங்கையர்தான், எல்லோரும் நன்றாகவே செய்தார்கள். பெரிய படம், பெரிய காசு என்று வந்தால் பெரிய நடிகர் முகம் கேட்பார்கள். 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கராவின் 'தங்கம்' கதையிலும் திருநங்கை சத்தாராக நடித்தது காளிதாஸ் ஜெயராம்தான்.

ஆனால் விஜய் சேதுபதி அந்தப் படத்தில் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தேசிய விருதும் வாங்கினார். ஏழு வருடம் கழித்து மாணிக்கம் வீடு திரும்புகிறான் என்று சொந்தபந்தம் எல்லாம் கூடி நிற்கிறது. டாக்சி வருகிறது. இறங்குவது சேலை கட்டிய ஷில்பா. வீடு முழுக்க வாயடைத்துப் போகிறது. மகன் ராசுக்குட்டி மட்டும் அப்பா வந்துவிட்டார் என்பதிலேயே குறியாக இருக்கிறான். பெரியவர்களுக்கு இருக்கிற கேள்வி எதுவும் அவனுக்கு இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகப் பார்க்கிறான். ஒரு வசனமும் விளக்கம் சொல்வதில்லை, பையன் நடந்துகொள்கிற விதமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஷில்பா குழந்தைக் கடத்தலுக்குத் துணை போனதாகக் கதையில் ஒரு முடிச்சு வரும். திருநங்கையர் பலர் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற பழைய பழியை ஊர் இன்னும் அவர்கள்மேல் சுமத்திக்கொண்டிருக்கும்போது இது தேவையா என்றார்கள். நியாயமான கேள்வி. அவர்களில் ஒருவர் திரைக்கதை எழுதும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த முடிச்சு வந்திருக்காது.

"ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிற படம், ரெண்டு பொம்பளைங்க காதலிக்கிற படம் ஏன் இல்ல?"

இருக்கிறது, கம்மி. 2010இல் வெங்கட் பிரபுவின் 'கோவா'வில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடி. காமெடிக்குத்தான், ஆனால் கொலையும் அடிதடியும் இல்லாமல் ஒரு ஜோடியாகவே இருந்துவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய காரியம். 2022இல் பா.ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது'. நாடகக் குழுவில் எல்லா வகைக் காதலும் ஒரே அறையில் உட்கார்ந்து சாதியைப் பற்றிச் சண்டை போடுகிறது. 2025இல் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் வினய், கதாநாயகனின் தன்பால் ஈர்ப்புடைய நண்பராக வந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி 'காதல் என்பது பொதுவுடைமை'. முற்போக்காகப் பேசுகிற அம்மா ரோகிணி, மகள் லிஜோமோல் காதலிப்பது ஒரு பெண்ணை என்று தெரிந்ததும் தடுமாறுகிறார். ஊருக்கு நியாயம் சொல்கிறவர் தன் வீட்டு வாசலில் தடுக்கி விழுவதுதான் படம்.

திருநங்கை என்றால் நமக்கு அரவான் கதை இருக்கிறது, கூவாகம் இருக்கிறது, பாரதக் கூத்தில் அர்ஜுனன் பிருகன்னளையாக வருவான். மனசு எங்கேயோ ஏற்கனவே இடம் வைத்திருக்கிறது. ஆணும் ஆணும் என்றால் அந்த மாதிரி கைக்குக் கிடைத்த கதை எதுவும் இல்லை. அதனால்தான் தாமதம் என்று நினைக்கிறேன்.

"மலையாளத்துல மம்முட்டியே நடிச்சிட்டாராமே?"

ஆமாம், 2023 நவம்பரில் வந்த 'காதல் தி கோர்'. ஜோதிகா அதில் மனைவி. இடைத்தேர்தலில் வேட்பாளராக நிற்கிற ஒரு கௌரவமான மனிதர். பிரசாரம் தொடங்கும் நேரத்தில், இருபது வருடம் கூட வாழ்ந்த மனைவி விவாகரத்து கேட்டு வழக்குப் போடுகிறார். காரணம், கணவருக்கு நாட்டம் ஆண்கள்மேல். சண்டையும் சத்தமும் இல்லை. ஒரே வீட்டில் ஒரே மேசையில் இருவரும் சாப்பிடுகிறார்கள், மறுநாள் நீதிமன்றத்தில் எதிரெதிராக நிற்கிறார்கள். நம்மைப் போல எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சின்ன ஊர். தேர்தல் நேரத்தில் டீக்கடையில் பேச்சு எப்படித் திரும்பும் என்பதை அப்படியே எடுத்திருக்கிறார் ஜியோ பேபி. மலையாளிகள் 1986லேயே இயக்குநர் பத்மராஜனை வைத்து இதைத் தொட்டுப் பார்த்தவர்கள், கை பழகிவிட்டது.

"இந்தியாவுல சட்டம் போயிடுச்சு. இங்க?"

இருக்கிறது. 377 என்ற எண்ணைப் பாருங்கள், இரண்டு நாட்டிலும் ஒன்றாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் 1860இல் இந்தியாவுக்கு எழுதின குற்றவியல் சட்டத்தைத்தான் இந்தப் பக்கமும் கொண்டு வந்து வைத்தான். இங்கே 377ஏ, 377பி என்று நிற்கிறது. 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. இது எல்லா மதத்தவருக்கும் பொது. ஷரியா சட்டம் தனி, அது முஸ்லிம்களுக்கு மட்டும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம்" என்று சொல்கிறவர்களுக்கும் இதுவே என் பதில். அவன் கொண்டு வந்தது தண்டனையை.

"2018ல ஆட்சி மாறினப்ப இங்கயும் எல்லாம் மாறும்னாங்களே?"

நம் ஊருக்கு ஆட்சி மாற்றத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2007 நவம்பரில் இங்குள்ள இந்தியர்களின் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் பேரணி. அடுத்த மார்ச் 8ஆம் தேதி, 1974இலிருந்து சுங்கை சிப்புட்டைக் கையில் வைத்திருந்த அமைச்சர் சாமிவேலு இங்கேயே தோற்றார். டாக்டர் ஜெயகுமார் ஜெயித்த அந்த இரவு பட்டாசுச் சத்தம் அடங்கவே இல்லை. 2018 மே 9ஆம் தேதி நாடு முழுக்க அதே கதை. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் முறையாக அரசாங்கமே மாறியது.

ஆனால் இந்த விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்டில் பினாங்கு ஜார்ஜ்டவுன் விழாவில் இருந்த ஒரு புகைப்படக் கண்காட்சியிலிருந்து, திருநங்கை நிஷா அயூப் உட்பட இரண்டு சமூக ஆர்வலர்களின் படங்களை அமைச்சர் சொல்லி எடுத்தார்கள். செப்டம்பர் 3ஆம் தேதி திரெங்கானுவில் இரண்டு பெண்களுக்கு ஷரியா நீதிமன்றத் தீர்ப்பின்படி பிரம்படி. மூன்றே நாள் கழித்து டில்லியில் அந்தத் தீர்ப்பு. பேப்பரில் இரண்டு செய்தியும் ஒரே வாரத்தில் வந்தது.

இங்கே இது அரசியல்வாதிகளுக்குச் சூடு போட்ட விஷயம் என்பதையும் மறக்கக் கூடாது. 1998இல் அன்வார் இப்ராஹிம்மீது ஓரினப்புணர்ச்சி வழக்கு. அவர் அரசியல் சதி என்று மறுத்தார். நீதிமன்றத்துக்கு மெத்தையைத் தூக்கி வந்ததை நாடே டிவியில் பார்த்தது. பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுச் செய்தி பார்த்த காலம் அது. அதே சட்டப் பிரிவில் இன்னொரு முறையும் சிறைக்குப் போய், 2018இல் மன்னிப்பு கிடைத்து, 2022இல் பிரதமரானார். அப்படிப்பட்ட நாட்டில் எந்தக் கட்சியும் இதைத் தொடப் பயப்படத்தான் செய்யும்.

"அப்ப ஈப்போ தியேட்டர்ல நாம பார்க்கிறது முழுப் படமா, வெட்டுன படமா?"

தியேட்டர் என்றால் எல்பிஎஃப், அதாவது நம் தணிக்கை வாரியம் பார்த்து விட்டதைத்தான் பார்க்கிறோம். இந்தியப் படம் அங்கே ஒரு கத்தரி, இங்கே ஒரு கத்தரி என்று இரண்டைத் தாண்டி வருகிறது. 2010 வாக்கில் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். இந்த மாதிரிப் பாத்திரம் வரலாம், ஆனால் கடைசியில் திருந்த வேண்டும், இல்லாவிட்டால் கெட்டு அழிய வேண்டும். 2011இல் வந்த மலாய்ப் படம் 'டாலாம் போத்தோல்' அந்த வழியில்தான் வெளியானது. மேலே நான் சொன்ன இரண்டாவது சோதனையை நினைத்துப் பாருங்கள். அந்த ஆள் நன்றாக வாழக் கூடாது என்று இங்கே விதியே இருந்தது.

வெளிநாட்டுப் படங்களும் தப்புவதில்லை. 2018இல் 'பொஹீமியன் ராப்சடி'யை நிறைய வெட்டிக் காட்டினார்கள். 2022இல் டிஸ்னியின் 'லைட்இயர்' வெட்ட மறுத்ததால் வரவே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் போன்றவை எல்பிஎஃப் கையில் இல்லை. அதனால்தான் 'தங்கம்' மாதிரிக் கதையைத் தோட்டத்து வீட்டிலும் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது.

"நம்ம மலேசியத் தமிழ்ப் படத்துல யாராச்சும் எடுத்திருக்காங்களா?"

நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சேலை கட்டிய காமெடிதான் மிச்சம். தோட்டத்து வாழ்க்கையை உள்ளபடி எடுக்க ஆள் இருக்கிறார்கள். 2005இல் 'செம்மண் சாலை', 2015இல் 'ஜகாட்'. 'ஜகாட்' தமிழில் எடுத்த படம் என்பதால் 2016 மலேசியத் திரைப்பட விழாவில் முதலில் தேசிய மொழி அல்லாத படங்களின் பிரிவில் ஒதுக்கி வைத்தார்கள். கலைஞர்கள் எதிர்த்ததும் பிரிவை மாற்றினார்கள், அப்புறம் சிறந்த மலேசியப் படம் விருதே அதற்குத்தான். தமிழ் பேசியதற்கே அத்தனை போராட்டம் என்றால், மேலே சொன்ன விதிகளோடு இதையும் எடுத்துப் பணத்தைப் போட யார் துணிவார்கள்?

"இதைப் பார்த்தா பிள்ளைங்க கெட்டுப் போயிடாதா?"

நாற்பது வருடம் ஆணும் பெண்ணும் மரத்தைச் சுற்றுகிற கேசட்டாகத்தான் கொடுத்தேன். அதைப் பார்த்து யாரும் மாறவில்லை. படம் ஆளை மாற்றாது. வயதை மட்டும் பாருங்கள். 'சூப்பர் டீலக்ஸ்' பெரியவர்களுக்கான சான்றிதழ் வாங்கிய படம், விஷயம் ஷில்பா மட்டும் இல்லை. 'பேரன்பு'வும் கனமான கதை, பதினைந்து பதினாறு வயதுக்கு மேல், கூட உட்கார்ந்து பார்க்கலாம்.

"என் மகனே இப்படியோன்னு தோணுது. அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி மூஞ்சியைப் பார்க்கட்டுமா?"

வேண்டாம் அக்கா. அவனுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் உங்களோடு எந்தப் படமும் பார்க்க மாட்டான். நீங்கள் பார்க்கும்போது அவன் வீட்டில் இருந்தால் இருக்கட்டும். கேலிக் காட்சி வரும்போது நீங்கள் சிரிக்கிறீர்களா, ரிமோட்டைத் தேடுகிறீர்களா என்று அவன்தான் உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

சாமியாரிடமோ 'சரி பண்ணுகிறேன்' என்கிற டாக்டரிடமோ கூட்டிப் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்ட வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொன்னார். அதற்கு முன் தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று சொல்லி மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நமக்கு என்ன வெட்கம்? கோலாலம்பூரில் 1987இலிருந்து இப்படிப்பட்டவர்களுக்கு உதவுகிற பிடி ஃபவுண்டேஷன் இருக்கிறது, பேசலாம். ஆனால் முதலில் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். மேலே எழுதிய சட்டம் இன்னும் இருக்கிற நாடு இது, விஷயத்தை யாரிடம் சொல்வது என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

"முதல்ல எதைப் பார்க்கலாம்?"

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 'காதல் தி கோர்'. ஜோதிகா இருக்கிறார் என்று சொன்னால் அம்மாவும் வந்து உட்காருவார். தனியாக என்றால் 'பேரன்பு'. மூளை முடக்குவாதம் உள்ள மகளோடு தனித்துப்போன அப்பாவுக்குக் கடைசியில் குடும்பமாக அமைவது மீரா என்ற திருநங்கை. இரண்டாவது சோதனையில் முழு மார்க். 'தங்கம்' அழுத்தமான கதை, ஆனால் சத்தார் பிழைக்க மாட்டான், மனசு சரியில்லாத நாளில் போடாதீர்கள்.

"தீபாவளி கலை நிகழ்ச்சில என் தம்பி பொம்பள வேசம் போடுறான். அதுவும் தப்புன்னு சொல்லுவீங்களா?"

சேலை கட்டினாலே தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? கூத்தில் காலம் காலமாகக் கட்டுகிறார்கள். யாரை மனதில் வைத்து நடிக்கிறான் என்று மட்டும் தம்பியைக் கேளுங்கள். தானே கற்பனை பண்ணின ஒரு வாயாடி அத்தை என்றால் அமர்க்களம் பண்ணட்டும். ஊரில் இருக்கும் ஒருவருடைய நடையையும் குரலையும் எடுத்திருந்தால், அவர் அன்று மண்டபத்தில் அம்மா அக்காவோடு உட்கார்ந்திருப்பார், பக்கத்து நாற்காலிக்காரன் திரும்பி அவரைப் பார்ப்பான். அதை மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் கொசுவத்துக்கு நல்ல பின்னாகக் குத்தச் சொல்லுங்கள், போன வருடம் ஒருத்தனுக்கு மேடையிலேயே அவிழ்ந்துவிட்டது.